திருகோணமலையில் சுழியோடிப் பிழைக்க ஏலுமா?

ஏப்ரல் 19

அக்காவின் மகன் நேற்றிரவு கேட்டதை அப்படியே இங்கே வைக்கிறேன். "மாமா, கட்டாருக்குப் போக ஏஜென்சிக்குக் கட்டவென்று அம்மா சேர்த்து வைத்திருக்கிற காசில் டைவ் மாஸ்டர் வரைக்கும் படிக்கட்டா? ஊரிலேயே இருந்து பிழைக்க ஏலுமா?"

டைவ் மாஸ்டர் என்றால் சுழியோட்ட வழிகாட்டிக்கான சான்றிதழ். அவனுக்கு வயது 22. திருக்கடலூர்ப் பிள்ளை. நடக்கிற வயதிலேயே நீந்தியவன். நான் அவுட்போர்ட் இயந்திரம் திருத்துகிறவன். 2012இலிருந்து சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். படகுக்காரர்கள் கூப்பிட்டால் துணைக்குப் போவேன், அவ்வளவுதான்.

ஏலும் என்றேன். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை, புறாமலைத் தீவு, இறக்கண்டிப் பக்கம் கிடக்கும் உடைந்த கப்பல், நிலாவெளிக்கு வெளியே இருக்கும் கடலடிப் பாறைப் பார்கள் எல்லாம் சின்னப் படகில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. வருடத்தின் நடுவில் தென்மேற்குப் பருவம் அந்தக் கரையிலுள்ள ஹிக்கடுவைப் பக்கத்தைப் பூட்டிவிடும். அந்த நேரத்தில் நம் கடல் திறந்திருக்கும். ஒரே தீவுக்கு இரண்டு பருவம். இப்படி வாய்த்த நாடுகள் குறைவு. மாலைதீவு 1972இல்தான் முதல் விடுதியைத் திறந்தது. நமக்கு 2009 வரை போர். பாஸ் இல்லாமல் மீன் பிடிக்கவே போக முடியாத கடலில் யார் வேடிக்கை பார்க்க இறங்குவார்? ஆகவே நாம் பிந்திய பிள்ளைகள். பிந்தியவனுக்கு முந்தியவன் விட்ட பிழையைப் பார்க்கிற வசதி உண்டு.

மே முதல் செப்டெம்பர் வரை ஐந்து மாதம் வேலை, மிச்ச மாதம் தென்பகுதிக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 20

பருவக் கணக்கு பிழை. இறக்கண்டியில் படகு வைத்திருக்கும் நானா காலையிலேயே போன் எடுத்துத் திருத்தினார். வடகிழக்கு வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குச் சோளகம் தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்கள்தான் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் நாட்கள், அதாவது இப்போது. மே கடைசியிலிருந்து கரையிலிருந்து கச்சான் என்ற மேற்குக் காற்று அடிக்கும். காலையில் அமைதியாக இருந்த தண்ணீர் பத்து மணிக்குப் பிறகு படகைக் கரைக்குத் திரும்ப விடாது. "விடியக் காலையில் போய், வெயில் ஏற முந்தித் திரும்புறவனுக்குத்தான் ஐந்து மாதம் இருக்கு. எட்டு மணிக்குக் கோப்பி குடிச்சிட்டு வாற வெள்ளைக்காரனுக்கு இரண்டு மாதம்தான்."

சரியான பேச்சு. மருமகனிடமும் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 24

"ஹெர்மிஸ் கப்பலை விட்டுவிட்டீர்களே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். விட்டதற்குக் காரணம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல் நாளே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தெற்கே தேடிப் பிடித்து மூழ்கடித்தன. அது கிடப்பது மட்டக்களப்புக் கடலில், 50 மீட்டருக்கும் கீழே. சாதாரணச் சான்றிதழில் 18 மீட்டர், அடுத்த படியில் 30, எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் பொழுதுபோக்குக்கு இறங்குகிறவனுக்கு எல்லை 40. அதற்குக் கீழே கலப்பு வாயு, கூடுதல் சிலிண்டர்கள், மேலே வரும்போது படிப்படியாக நெடுநேரம் நிற்பது என்று அது வேறு உலகம். அத்தோடு அங்கே முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மட்டக்களப்புப் பிள்ளைகள் அந்தத் திறமையை வளர்த்தால் அது அவர்களுடைய உரிமை. நம் விளம்பரத்தில் அந்தப் பெயரைப் போட்டு ஆள் பிடிக்க வேண்டாம்.

நம் துறைமுகத்துக்குள் அதே தாக்குதலில் எரிந்த சகாயிங் கப்பலை 2018 மார்ச்சில் கடற்படை தண்ணீருக்கு மேலே தூக்கியது. அன்று வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். எழுபத்தைந்து வருடச் சிப்பி அதன் மேல் ஒட்டியிருந்தது.

மே 2

காலை ஆறரைக்கு சுவாமி மலைக்குக் கீழே இறங்கினோம். மேலே கோயில் மணி கேட்டது. தலை உள்ளே போனதும் அது நின்று, என் மூச்சு மட்டும் மிச்சம்.

பாறை நேராக இறங்கி அடியில் வீடு வீடாகக் கற்களாகக் கிடக்கிறது. அவற்றுக்கிடையில் ஒரு கல் கண்ணைப் பிடித்தது. நாலு பக்கமும் நேராக வெட்டிய தூண், என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் முழுக்கப் பாசி, கடற்பஞ்சு. மற்றப் பக்கத்தில் கையை லேசாக விசிறினேன். மணல் புகையாக எழும்பி விலக, உளி இறங்கிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. விரல் வைக்கவில்லை, பார்த்தேன். தூணுக்கும் பாறைக்கும் இடையில் சிங்கி இறால் ஒன்று இரண்டு மீசையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டை, யோகட் கோப்பை, அறுந்த வலைத் துண்டு. வலையை வெட்டி எடுத்து இடுப்புப் பையில் போட்டேன்.

1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். கொஞ்சக் கல் கோட்டைச் சுவருக்குப் போனது, கொஞ்சம் கடலுக்குள் விழுந்தது. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் இதே இடத்தில் இறங்கித்தான் அந்தக் கற்களை உலகத்துக்குக் காட்டினார்கள். கிளார்க் கடைசி வரை இந்த நாட்டிலேயே இருந்துவிட்டார். அவரை இங்கே கொண்டுவந்ததே இந்தக் கடல்தான். திருகோணமலையில் சுழியோட்டம் புதிது என்று நான் முதலில் எழுதியதை இந்த அளவில் மாற்றிக்கொள்கிறேன். சுழியோட்டம் பழையது. அதில் நம் பிள்ளைகள் முதலாளியாகவும் வழிகாட்டியாகவும் இருப்பதுதான் புதிது.

மருமகன் மேலே மாஸ்க்கோடு மிதந்துகொண்டிருந்தான். நான் ஏறி வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. படகு திரும்பும்போது மட்டும், "அந்தத் தூணை அம்மாவுக்குக் காட்ட ஏலாதே மாமா" என்றான்.

மே 3

நேற்றையதற்குத் தொடர்ச்சி. அந்தக் கல்லிலிருந்து ஒரு சில்லையாவது ஞாபகத்துக்கு எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. சட்டத்திலும் கூடாது, கோயிலிலும் கூடாது. பத்துப் பேர் ஒரு சில்லு எடுத்தால் அடுத்த வருடம் காட்ட என்ன இருக்கும்? சங்கு, முருகைக்கல் என்கிற பவளப்பாறை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

மே 11

இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

நம் கடலில் சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் சுற்றுலாக்காரர் இல்லை. கடலட்டைக்கும் சங்குக்கும் போகிறவர்கள். இரவிலும் போவார்கள். 25, 30 மீட்டர் ஆழத்துக்கு ஒரே நாளில் நாலு சிலிண்டர், ஐந்து சிலிண்டர் முடிப்பார்கள். கையில் ஆழமானி இல்லை, நேரக்கணக்கு இல்லை. காற்று இறுகினால் மேலே வருவார்கள்.

நானாவின் தம்பியும் அப்படிப் போனவர். ஒரு நாள் கடைசி சிலிண்டரில் அட்டை நன்றாகக் கிடைத்ததால் முடியும் வரை நின்றுவிட்டு, விறுவிறென்று ஏறிவிட்டார். படகில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர், கரையில் இறங்கக் கால் வைத்தபோது கால் அவருடையதாக இல்லை. களைப்பு என்று நினைத்துத் தூங்க விட்டார்கள். மறுநாள்தான் வைத்தியசாலை. இன்று வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார். சங்கு அறுத்த தழும்பு இரண்டு உள்ளங்கையிலும் இருக்கிறது.

நடந்தது இதுதான். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் மேலே இருப்பதைப் போல நாலு மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சுவிடும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்கும். மெதுவாக ஏறினால் நுரையீரல் வழியாக வெளியே போய்விடும். ஓடி ஏறினால், குலுக்கிய சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தது மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டில் கட்டினால் வலி, முதுகுத்தண்டில் கட்டினால் கால் போகும். உடனே தூய ஒட்சிசன் கொடுத்து, அழுத்த அறைக்குள் வைத்து மீண்டும் அமுக்கி மெதுவாக இறக்க வேண்டும். அந்த அறை நம் ஊரிலேயே, கடற்படைத் தளத்தில் இருக்கிறது. அன்று படகிலிருந்த ஒருவருக்காவது இந்த அறிகுறி தெரிந்திருந்தால் அவர் அன்றே அங்கே போயிருப்பார்.

மருமகனுக்கு நான் சொல்லவேண்டியிருந்த முதல் பதில் இதுதான். வெள்ளைக்காரனுக்கு மீன் காட்டுவதற்காக மட்டும் இந்தப் படிப்பு என்றால் எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. அவன் படித்து வந்து இறக்கண்டியிலும் குச்சவெளியிலும் அட்டைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏறும் கணக்கைச் சொல்லிக்கொடுப்பான் என்றால், அக்காவின் காசோடு என் காசும் சேரும்.

மே 12

"இதையெல்லாம் எழுதினால் ஆட்கள் பயந்து வரமாட்டார்கள், ஊரின் பிழைப்பில் மண் போடாதீர்கள்" என்று ஒருவர். கோபம் புரிகிறது. ஆனால் விபத்து நடந்த இடத்துக்குத்தான் ஆட்கள் வரமாட்டார்கள். விபத்தைப் பற்றிப் பேசுகிற இடத்துக்கு வருவார்கள்.

மே 29

காற்று நிரப்பும் கம்ப்ரசர். இது என் தொழிலுக்குள் வருவதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2016இல் ஓர் இடத்தில் வாடகைக்கு எடுத்த சிலிண்டரோடு இறங்கினேன். முதல் மூச்சிலேயே லேசாகப் புகை மணம். ரப்பர் மணமாக இருக்கும் என்று இறங்கிவிட்டேன். அது நான் செய்த பிழை. 14 மீட்டரில் நெற்றிக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல இருந்தது, ஆழமானி இரண்டாகத் தெரிந்தது. துணைக்கு வந்தவருக்குக் கை காட்டி இரண்டு பேரும் மெதுவாக ஏறினோம். கரையில் வாந்தி, மாலை வரை தலைவலி.

மறுநாள் போய் அந்தக் கம்ப்ரசரைப் பார்த்தேன். இயந்திரம் நல்லது, வடிகட்டியும் புதிது. காற்று உறிஞ்சும் குழாயின் வாய் கொட்டிலின் கிழக்குப் பக்கம், டீசல் புகைபோக்கியும் அதே பக்கம். வாடை அடிக்கும்போது புகை அப்பால் போய்விடும், பிரச்சினையில்லை. கச்சான் திரும்பியதும் அத்தனை புகையும் குழாய் வாய்க்கே வருகிறது. டீசல் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நஞ்சுக்கு மணமே கிடையாது. எனக்கு மணத்தது அதோடு வந்த எண்ணெய்ப் புகை. எண்ணெய் மணம் இல்லாமலிருந்திருந்தால் எச்சரிக்கையே இல்லாமல் மயங்கியிருப்பேன். 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு என்றால் அந்த நஞ்சின் வேகமும் மூன்று மடங்கு.

நாலு மீட்டர்க் குழாய் ஒன்றை வாங்கி, உறிஞ்சும் வாயைக் கூரைக்கு மேலே காற்று வரும் பக்கமாகத் தூக்கிக் கட்டினோம். அரை நாள் வேலை.

ஆகவே தொழில் தொடங்க நினைக்கிற தம்பிமார் முதலில் கொட்டிலில் எந்த மாதத்தில் எந்தப் பக்கக் காற்று அடிக்கிறது என்று பாருங்கள். உடுப்பின் நிறத்தையும் பெயர்ப்பலகையையும் பிறகு பார்க்கலாம்.

ஜூன் 14

புறாமலை. 2003இலிருந்து தேசியப் பூங்கா, நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். இன்று போனபோது இடுப்பளவுத் தண்ணீரில் முப்பது பேருக்கு மேல். செருப்போடு முருகைக்கல் மேலே நின்று படம் எடுக்கிறார்கள். காலடியில் மான்கொம்பு மாதிரிக் கிளைத்த கல் முறிகிற சத்தம் தண்ணீருக்குள் தலையை வைத்தால் கேட்கிறது, காய்ந்த முறுக்கு முறிவது போல. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பக்கத்துக் கல்லெல்லாம் வெளுத்துச் செத்தது. அன்று நம் பக்கம் பெரிதும் தப்பியது. வெயிலுக்குத் தப்பிய கல்லைச் செருப்புக்குக் கொடுக்கிறோம். அங்கே யாரையும் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று மருமகனுக்குச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 16

முந்தாநாள் கோபத்தில் எழுதியது. போகக்கூடாது என்றால் அங்கே படகு ஓட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் என்ன செய்யும்? அந்தத் தீவின் ஓரத்தில் கருநுனிச் சுறாக் குட்டிகள் முழங்காலளவு தண்ணீரில் வட்டமிடுவதைப் பார்த்த பிள்ளை வாழ்நாளில் சுறாவுக்குப் பயப்படாது. போகட்டும். ஆனால் மிதக்கத் தெரியாதவருக்கு முதலில் மணல் தரையில் பத்து நிமிடம் பழக்கிவிட்டுத்தான் கல் பக்கம் விட வேண்டும். நானா தன் படகில் இதைச் செய்கிறார். மிதவைச் சட்டை போடாதவருக்குப் படகில் இடமில்லை.

நங்கூரம் இன்னும் பெரிய பிரச்சினை. வெளிப் பார்களில் ஒவ்வொரு படகும் வந்து இரும்பைப் போடுகிறது. ஒரு தடவை இழுபட்டால் இருபது வருடம் வளர்ந்த கல் பொடியாகும். அடியில் நிரந்தரமாகக் கட்டை போட்டு மேலே மிதவை விட்டால் எல்லோரும் அதில் கட்டலாம். நிலாவெளிப் படகுக்காரர்கள் கூடிப் பேசினால் கஷ்டமான காரியமே இல்லை.

ஜூலை 5

எவருக்கும் தோன்றாத ஒன்று. நம் நாட்டுக்கு வருகிறவர் சுழியோடிவிட்டு அடுத்த நாள் எங்கே போகிறார்? கண்டி, பிறகு நுவரெலியா. விமானம் ஏற 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று எல்லாக் கடைகளிலும் சொல்கிறார்கள். மலை ஏறுவதைப் பற்றி நான் கேட்ட வரையில் எவரும் சொல்லவில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. உடம்பில் நைதரசன் மிச்சத்தோடு அங்கே ஏறுவதும் விமானத்தில் ஏறுவதும் ஒன்றுதான். காலையில் இரண்டு தடவை இறங்கிவிட்டு மத்தியானம் வான் பிடித்து மலைநாட்டுக்குப் போகிறவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வான்காரத் தம்பிமாரும் இதை வாசிக்க வேண்டும். "ஐயா, இன்று கடலுக்குள் இறங்கினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இறங்கியிருந்தால் ஒரு நாள் தங்கிப் போகட்டும், விடுதிக்கும் வருமானம்.

ஒகஸ்ட் 9

மருமகன் முதல் படியை முடித்துவிட்டான். இறங்கும் பயிற்சியில் ஒரு குறையும் இல்லை. முகமூடியைக் கழற்றித் திரும்பப் போட்டுத் தண்ணீரை ஊதி வெளியேற்றும் பயிற்சியில் மற்றவர் தடுமாற, இவன் கீழே சம்மணமிட்டிருந்து செய்தானாம். எழுத்துப் பரீட்சையில்தான் திணறினான். அவனுக்குக் கிடைத்த புத்தகம் ஆங்கிலத்தில். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற நேர அட்டவணையை விளக்குகிற அந்த ஒரு பக்கத்தை மூன்று இரவு வைத்திருந்தான். விஷயம் அவனுக்கு விளங்காமலில்லை, வசனம்தான் விளங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டைக்குப் போகிறவர்களிடம் இந்தப் புத்தகத்தை நீட்டினால் என்ன ஆகும்? ஆகவே ஞாயிறு மாலைகளில் நானாவின் கொட்டிலில் உட்கார்ந்து தமிழில் எழுதுகிறோம். மருமகன் வாசிப்பான், நான் பொருள் சொல்வேன், நானாவின் தம்பி அதைக் கடல்காரன் பேச்சுக்கு மாற்றுவார். ஏறும் வழியில் கொஞ்ச நேரம் நிற்பதை "பாதுகாப்புத் தரிப்பு" என்று மருமகன் எழுதிக்கொண்டு வந்தான். தம்பி தலையை ஆட்டினார். "தரிப்பு பஸ்ஸுக்கு. இது நின்று ஏறுறது." அப்படியே எழுதினோம்.

டைவ் மாஸ்டர் தொடங்க 40 தடவை இறங்கியிருக்க வேண்டும், முடிக்க 60. இந்தப் பருவத்தில் அது ஆகாது. கட்டாருக்கு இந்த வருடம் இல்லை என்று அக்கா சொல்லிவிட்டார். அடுத்த வருடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது.

செப்டெம்பர் 21

பலகை எழுதி முடிந்தது. நீல நிறத்தில் வெள்ளை எழுத்து, நானாவின் கொட்டில் வாசலில் அட்டைக்குப் போகிறவர்கள் சிலிண்டர் எடுக்கும் இடத்தில். ஏழு வரிதான். மூச்சை அடக்காதே. உன் குமிழியை முந்தி ஏறாதே. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று ஏறு. ஆழமானதை முதலில் முடி. காற்று 50க்கு வர முந்தித் திரும்பு. கை கால் விறைத்தால் தூங்காதே, சொல். அழுத்த அறை ஊரிலேயே இருக்கிறது.

பலகை வைத்த முதல் கிழமை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் கிழமை ஒரு பையன் வந்து 50 என்றால் எந்த மானியில் என்று கேட்டான். அவனுடைய சிலிண்டரில் காற்றழுத்தம் காட்டும் மானியே இல்லை. என்னிடம் இருந்த பழையதைப் பொருத்திக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 12

தண்ணீர் கலங்கத் தொடங்கிவிட்டது. படகுகளைக் கரையேற்றுகிறார்கள். மருமகன் இதுவரை 23 தடவை இறங்கியிருக்கிறான். வாடை முடியும் வரை என்னோடு பட்டறையில் இருந்து கம்ப்ரசர் வேலை பழகுகிறான்.

இன்று கொட்டிலில் சாமான்களைக் கட்டி வைக்கும்போது நானாவின் தம்பி பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மருமகனைக் கூப்பிட்டு, "தம்பி, பெயின்ட் மிச்சம் இருக்கா?" என்றார். இருந்தது. கடைசி வரிக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார். எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. "அன்றே போ."